வேரோடு அகற்றல்: ஒரு சொல்லும் ஓர் அறுவையும்

1974 செப்டம்பர் 28 அன்று, அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் துணைவியார் பெட்டி ஃபோர்டு மயக்க மருந்து அளிக்கப்பட்டு அறுவை மேசையில் கிடத்தப்பட்டபோது, அவருடைய மார்பகக் கட்டி புற்றுதானா என்பது எவருக்கும் தெரியாது. கட்டியை எடுத்து, உறையவைத்துச் சீவி, நுண்ணோக்கியில் பார்த்தனர். புற்று என்று உறுதியானதும், அவர் கண்விழிக்கும் முன்பே மார்பகத்தை அகற்றினர். அன்றைய அமெரிக்காவின் பொது வழக்கமே இதுதான். மார்பகக் கட்டிகளுள் பெரும்பாலானவை புற்றல்லாத நார்க்கட்டிகளோ நீர்க்கட்டிகளோதாம். ஆயினும் சோதனைக்குச் சென்ற பெண்கள் இரண்டுக்கும் சேர்த்தே ஒப்புதல் கையொப்பம் இட்டனர். தமக்கு வந்தது என்ன என்பதை விழித்தெழுந்து, நெஞ்சைத் தடவிப் பார்த்தே அறிந்தனர்.

இந்த அவசரத்திற்குப் பின்னால் ஒரு சொல் இருந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் வில்லியம் ஹால்ஸ்டெட், 1894இல் 50 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். மார்பகம், அதனடியிலுள்ள தசைகள், அக்குளின் நிணநீர்க் கணுக்கள் ஆகியவற்றை ஒரே துண்டாக அகற்றும் அவரது முறை 'ராடிக்கல் மாஸ்டெக்டமி' எனப்பட்டது. 'ராடிக்ஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு வேர் என்று பொருள். புற்று ஓரிடத்தில் ஊன்றிச் சுற்றிலும் படிப்படியாகப் பரவுகிறது. ஆகவே வேர் எட்டிய தொலைவுவரை வெட்டினால் நோய் தீரும் என்பது கருத்து. அவரிடம் வந்த பெண்களின் கட்டிகள் பெரும்பாலும் முற்றியவை. வெட்டிய இடத்திலேயே புற்று மீள்வதை அவர் வெகுவாகக் குறைத்தார் என்பதை மறுக்கலாகாது. ஆனால் உருவகம் நிலைத்துவிட்டபின், நோய் வேறிடத்தில் தோன்றினால் வெட்டு போதவில்லை என்றே முடிவு கட்டப்பட்டது. பின்வந்தோருள் சிலர் விலாவெலும்பு வரையும் சென்றனர். குழிந்த மார்போடும் வீங்கிய கையோடும் பெண்கள் எஞ்சிய வாழ்வைக் கழித்தனர்.

1920களிலேயே இலண்டனில் ஜெஃப்ரி கெயின்ஸ் (பொருளியலறிஞர் கெயின்சின் தம்பி) ரேடிய ஊசிகளைக் கொண்டு மார்பகத்தைக் காக்க முயன்றார். செவிசாய்த்தோர் சிலரே.

1971இல் பிட்ஸ்பர்க்கின் பெர்னார்டு ஃபிஷர் குழு நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஆராயத் தொடங்கியது. மிலானில் உம்பர்த்தோ வெரோனேசி 1973 முதல் 1980 வரை 701 பெண்களைச் சேர்த்தார். 2002இல் இருவரின் 20 ஆண்டுத் தொடர் முடிவுகளும் வெளிவந்தன: மார்பகம் முழுவதையும் இழந்தோரும் பகுதியை மட்டும் இழந்தோரும் உயிர்வாழ்ந்த அளவில் வேறுபாடு இல்லை. கட்டியை மட்டும் அகற்றினால் அதே மார்பகத்தில் புற்று மீள்வது மிகுதி. கதிர்வீச்சு அதைப் பெரிதும் குறைத்தது. பல பெண்களிடம் கத்தி படுவதற்கு முன்பே புற்றணுக்கள் குருதிவழி சென்றிருந்தன; வேர் என்று ஒன்று அங்கே இல்லை.

கட்டியை அறிவதும் மார்பகத்தை அகற்றுவதும் ஒரே மயக்கத்தில் நிகழ வேண்டியதில்லை என்று வாதாடியவர் ஓர் இதழாளர். 1974இல் தம் மார்பில் கட்டியைக் கண்ட ரோஸ் குஷ்னர், சோதனையை மட்டும் செய்யுமாறு மருத்துவர்களிடம் போராடினார். மறுஆண்டே அதை நூலாக எழுதினார். 1979இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் கூட்டிய மாநாட்டுக் குழுவில் அவரும் உறுப்பினர். இரண்டையும் தனித்தனியே செய்ய வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது.

ஹால்ஸ்டெட்டின் அறுவை வழக்கொழிந்தது. சொல் ஒழியவில்லை. மார்புத் தசைகளை விட்டுவைக்கும் அறுவைக்கு இந்திய மருத்துவமனைகளில் இன்றும் வழங்கும் பெயர் 'மாடிஃபைடு ராடிக்கல் மாஸ்டெக்டமி'.