கொரிய இறைவரி முத்திரைகளும் காணி உறுதிகளும்: ஒரு வரலாற்று நோக்கு

முத்திரை சேகரிப்போரிடையே தபால் முத்திரைக்குள்ள மதிப்பு இன்று இறைவரி முத்திரைக்கு இல்லை. தபால் முத்திரை பார்வைக்கு அழகியது. நாடு கடந்து செல்வது. இறைவரி முத்திரையோ காணி உறுதியிலும் கடன் சீட்டிலும் நீதிமன்ற மனுவிலும் ஒட்டப்பட்டு, பெட்டகத்துள் முடங்கிக் கிடப்பது. ஆயினும் ஒரு சமுதாயத்தின் உடைமை உறவுகளை அறிய விரும்புவோனுக்கு இவ்விரண்டில் எது பெரிதும் பயன்படும் என்பதில் ஐயமில்லை. கொரிய நாட்டின் இறைவரி முத்திரைகளையும் அவற்றைத் தாங்கிய ஆவணங்களையும் இந்நோக்கில் அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முத்திரைக்கு முற்பட்ட ஆவண மரபு

ஒட்டும் முத்திரை கொரியாவுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கு எழுத்தாவண மரபு வேரூன்றியிருந்தது. சோசொன் அரசின் (1392–1897) அடிப்படைச் சட்டத் தொகுப்பாகிய ‘கியொங்குக் தேசொன்’ 1485 இல் நடைமுறைக்கு வந்தது. நிலம், வீடு, அடிமை ஆகியவற்றை விற்றோரும் வாங்கியோரும் நூறு நாட்களுக்குள் அரச அலுவலகத்தில் அறிவித்துச் சான்று பெறவேண்டும் என அது விதித்தது. இச்சான்றுக்குக் காகித விலை என்ற பெயரில் கட்டணமும் அறவிடப்பட்டது. முத்திரைத் தீர்வையின் கரு இங்கேயே காணப்படுகின்றது எனலாம்.

ஆனால், விதி வேறு, வழக்கு வேறு. சோசொன் ஆட்சியின் பிற்காலத்தில் அரச சான்று எதுவுமின்றி, விற்போனும் வாங்குவோனும் சாட்சியும் எழுதுவோனும் மட்டுமே பங்குகொண்ட உறுதிகள் பெருவழக்காயின. இவை ‘வெள்ளை உறுதிகள்’ எனப்பட்டன. இவ்வுறுதிகளின் அடிப்பகுதி சமூக ஏற்றத்தாழ்வை அப்படியே படம்பிடித்துக் காட்டுகின்றது. யாங்பான் எனப்பட்ட உயர்குடியினர் தமக்கேயுரிய கையெழுத்துக் குறியை இட்டனர். நிலவிற்பனையில் நேரே ஈடுபடுவதை இழிவாகக் கருதியமையால், அடிமையின் பெயரில் அதிகாரக் கடிதம் எழுதி, அவனைக்கொண்டே விற்பனையை முடிப்பதும் அவர்களது வழக்கம். எழுத்தறியாத எளியோரும் அடிமைகளுமோ தமது விரலைக் காகிதத்தின் மீது வைத்து, அதன் நீளத்தையும் கணுக்களையும் மையாற் குறித்தனர். ஆண்கள் இடக்கை விரலையும் பெண்கள் வலக்கை விரலையும் இவ்வாறு பதித்தனர். சிலர் முழுக் கையின் உருவையும் வரைந்தனர். பஞ்ச காலத்திலே தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்ற உறுதிகளிலும் இத்தகைய கை வரைவுகள் உள்ளன. 1894 ஆம் ஆண்டின் சீர்திருத்தங்கள் அடிமைமுறையைச் சட்டத்தினின்றும் நீக்கின. எனினும், இக்கை வரைவுகள் அம்முறையின் மறுக்கவொண்ணாச் சான்றுகளாக இன்றும் எஞ்சியுள்ளன.

குடியேற்ற ஆட்சியும் முத்திரையும்

முத்திரைத் தீர்வை 1624 இல் ஒல்லாந்தில் தோன்றியது. யப்பான் இவ்வரிவகையை 1873 இல் தனதாக்கிக்கொண்டது. கொரியாவில் யப்பானிய ஆதிக்கம் நிதித்துறையூடாகவே முதலில் நுழைந்தது. 1904 இல் மெகாத்தா தனெத்தாரோ கொரிய அரசின் நிதி ஆலோசகராக நியமிக்கப்பட்டார். 1905 இல் நாணய மாற்றம் நிகழ்ந்தது. அதே ஆண்டில் கொரியாவின் தபால், தந்திச் சேவைகள் யப்பானியச் சேவையுடன் இணைக்கப்பட்டன. ஆண்டிறுதியில் நாடே யப்பானின் ‘பாதுகாப்பின்’ கீழ் வந்தது. 1906 இல் விதிக்கப்பட்ட நில, வீட்டுச் சான்று விதிகள், திறந்துவிடப்பட்ட துறைமுகங்களுக்கு வெளியேயும் அந்நியர் காணி வாங்குவதற்குச் சட்டபூர்வமான வழியைத் திறந்துவிட்டன. 1908 இல் கீழைத்தேய அபிவிருத்திக் கம்பனி நிறுவப்பட்டது. 1910 ஓகத்து மாதத்தில் கொரியா யப்பானியப் பேரரசுடன் இணைக்கப்பட்டது.

இக்காலத்து ஆவணங்களில் ‘மாபெரும் யப்பானியப் பேரரசின் அரசாங்கம்’ என்ற வாசகம் பொறித்த இறைவரி முத்திரைகளைக் காண்கின்றோம். கொரிய விவசாயி மற்றொரு கொரிய விவசாயியிடம் ஒரு துண்டு வயலை வாங்கும்போதும், அக்கொடுக்கல் வாங்கலின் நடுவே பேரரசு தன் பெயரை ஒட்டிக்கொண்டது. ஆவணத்தின் ஆண்டுக் குறிப்பும் இதே கதையைக் கூறும். பழைய உறுதிகள் சீனப் பேரரசரின் ஆட்சியாண்டைக் கொண்டவை. 1897 முதல் கொரியப் பேரரசின் குவாங்மு ஆண்டும் 1907 முதல் யுங்ஹி ஆண்டும் இடம்பெற்றன. பின்னர் மெய்ஜி, தாய்ஷோ, ஷோவா என யப்பானிய ஆண்டுகள் தொடர்ந்தன. ஒரே குடும்பத்தின் ஒரே வயலுக்குரிய உறுதிகளை வரிசையாக அடுக்கினால், அந்நாடு இறைமையை இழந்த வரலாற்றை அவற்றின் முதல் வரியிலேயே வாசித்துவிடலாம்.

பெயர்களும் மாறின. 1940 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ஆணையின் பின்னர் கொரியர் பலர் யப்பானியப் பாணியிலமைந்த குடும்பப் பெயர்களை ஏற்க நிர்ப்பந்திக்கப்பட்டனர். 1939 ஆம் ஆண்டு உறுதியில் ஒரு பெயருடன் தோன்றும் உடைமையாளன் 1941 ஆம் ஆண்டு உறுதியில் வேறு பெயருடன் தோன்றுகின்றான். காணி அதுவே, ஆளும் அவனே. 1946 ஒற்றோபரில் பிறப்பிக்கப்பட்ட கட்டளையின் மூலமே தென் பகுதியில் பழைய பெயர்கள் சட்டப்படி மீண்டன.

நில அளவையும் அதுபற்றிய விவாதமும்

1910 முதல் 1918 வரை குடியேற்ற அரசு நாடு முழுவதும் நில அளவை நடத்தியது. ஏறத்தாழ 1 கோடியே 90 இலட்சம் நிலத்துண்டுகள் அளந்து பதியப்பட்டன. உடைமையாளன் குறித்த காலத்துள் தன் உரிமையை அறிவிக்கவேண்டும் என்பதே இதன் அடிப்படை விதி. அறிவிக்கத் தவறிய ஏழை விவசாயிகளின் நிலம் பெருமளவிற் பறிக்கப்பட்டது என்பது நெடுங்காலம் நிலவிய கருத்து. சின் யொங்-ஹா 1982 இல் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை விரிவாக நிறுவ முயன்றது. ஆனால், எட்வின் கிராகேட் 1994 இல் வெளியிட்ட நூல் காணிப் பதிவேடுகளை நுணுகி ஆராய்ந்து, அளவையின்போது பெரும்பாலான நிலம் முன்னைய உடைமையாளர் பெயரிலேயே பதியப்பட்டது எனவும், பெரும் உடைமை மாற்றம் 1920களின் இறுதியிலே தொடங்கிய விலைவீழ்ச்சிக் காலத்திலேயே நிகழ்ந்தது எனவும் காட்டியது.

இவ்விவாதத்தில் நாம் எப்பக்கம் சார்வது? ஏகாதிபத்தியத்தை எதிர்ப்போர் முதற் கருத்தையே தழுவவேண்டும் என்ற நியதி எதுவுமில்லை. சுரண்டலை நிறுவுவதற்கு மிகைப்படுத்தல் தேவையன்று. நில அளவையின்போது எழுந்த பிணக்குகள் ஏறத்தாழ 1 இலட்சம் துண்டுகளைப் பற்றியவை. அவற்றுட் பெரும்பாலானவை அரச நிலம் எனக் கொள்ளப்பட்டவற்றைக் குறித்து எழுந்தன. மேலும், ஒரே வயலில் நிலப்பிரபுவின் உடைமையோடு கூடவே, பயிரிடுவோனின் நிலையான குத்தகை உரிமையும் பழைய வழக்கில் நிலவியது. அவ்வுரிமை தனியே விற்கப்பட்டதும் உண்டு. புதிய பதிவேடோ ஒரு துண்டுக்கு ஓர் உடைமையாளன் என்ற கணக்கையே ஏற்றது. பயிரிடுவோனின் உரிமைக்கு அதில் இடமிருக்கவில்லை. ஆகவே, நில அளவை பறித்தது யாது என்ற வினாவிற்கு, பதிவேட்டில் உள்ள பெயர்களை மட்டும் எண்ணி விடை காண இயலாது. பதிவேட்டிற்கு வெளியே தள்ளப்பட்ட உரிமைகளை அறியப் பழைய உறுதிகளே துணை.

பின்னர் வந்த நிலைமையை அடைமான உறுதிகளும் குத்தகை ஒப்பந்தங்களும் புலப்படுத்துகின்றன. அவை சட்டத்தின் மொழியில், சமமான இருவர் செய்துகொண்ட உடன்பாடுகள் போலத் தோன்றும். நடைமுறை யாதென அம்தே தீவின் நிகழ்ச்சி உணர்த்தும். அங்கு நிலப்பிரபுக்கள் விளைச்சலில் 70–80 வீதத்தைக் குத்தகையாகக் கேட்டனர். 1923–24 இல் விவசாயிகள் ஒன்றிணைந்து போராடி, அதை 40 வீதமாகக் குறைக்கச் செய்தனர். ஒப்பந்தத்தின் வாசகத்தைக் கூட்டுப் போராட்டமே திருத்தியது.

விடுதலைக்குப் பின்

1945 இன் பின்னர் முத்திரையும் ஆவணமும் மீண்டும் மாறின. வடக்கில் 1946 மார்ச்சுச் சட்டம் நிலப்பிரபுக்களின் நிலத்தை நட்டஈடின்றிப் பறித்துப் பங்கிட்டது. தெற்கில் 1949 ஆம் ஆண்டுச் சட்டம் நிலப்பிரபுக்களுக்கு நட்டஈட்டுப் பத்திரங்களை வழங்கியது. விவசாயி ஓராண்டு விளைச்சலின் 150 வீதத்தை ஐந்தாண்டுகளிற் செலுத்த வேண்டியவனானான். 1948 முதல் தெற்கின் அரச ஆவணங்கள், கி.மு. 2333 இல் தொடங்குவதாகக் கொள்ளப்படும் தங்குன் ஆண்டைத் தாங்கின; 1962 முதல் கிறித்தவ ஆண்டு வழக்கிற்கு வந்தது. நாணயம் 1953 இல் வொன்னிலிருந்து ஹுவானாகவும், 1962 இல் மீண்டும் வொன்னாகவும் மாறியது. முத்திரையின் பெறுமதியைக் கொண்டே ஆவணத்தின் காலத்தை மதிப்பிட இம்மாற்றங்கள் உதவும். அண்மைக் காலத்தில் ஒட்டும் முத்திரையின் இடத்தை மின்னணு முத்திரை பெருமளவிற்குப் பிடித்துக்கொண்டது.

சேகரிப்போரின் பொறுப்பு

கொரிய வழக்கில், ஆவணத்தில் ஒட்டிய முத்திரையைச் செல்லாததாக்குவதற்கு, ஒப்பமிடுவோன் தன் பெயர் பொறித்த இலச்சினையை முத்திரையிலும் காகிதத்திலும் பாதிபாதியாகப் படியுமாறு பதிப்பான். இம்முத்திரையை நீரில் நனைத்துப் பிரித்தெடுக்கும் சேகரிப்பாளன், அம்மனிதனின் பெயரையே இரண்டாகப் பிளக்கின்றான். ஒரு பாதி தொகுப்பேட்டிற்குச் செல்லும்; மறுபாதி பெரும்பாலும் குப்பைக்குச் செல்லும். பிரிக்கப்பட்ட முத்திரை எந்தக் கடனுக்கு, எந்த வயலுக்கு, யாருடைய இழப்பிற்கு ஒட்டப்பட்டது என்பதை எவராலும் மீட்டறிய முடியாது.

1950–53 போரில் பல பகுதிகளின் காணிப் பதிவேடுகள் எரிந்தழிந்தன. அப்பகுதிகளில் வீட்டுப் பெட்டகத்தில் எஞ்சிய உறுதியே வரலாற்றின் ஒரே சாட்சியாக இருத்தல் கூடும். சோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் கியுசாங்கக் போன்ற காப்பகங்கள் பெருந்தொகையான பழைய ஆவணங்களைப் பேணி வருகின்றன. ஆனால், சந்தையில் விலைபோகும் சாதாரண உறுதிகள் எல்லாவற்றையும் எக்காப்பகமும் பெற்றுவிட இயலாது. அவற்றின் விதி தனியார் கையிலேயே உள்ளது. ஆதலால், முத்திரையை ஆவணத்திலிருந்து பிரிக்காமலும், ஒரே காணிக்குரிய உறுதிக் கட்டைத் தாள்தாளாகப் பிரித்து விற்காமலும் பேணுவது சேகரிப்போரின் கடமையாகும்.

மன்னர்களும் ஆளுநர்களும் தம் வரலாற்றைத் தாமே எழுதிவைத்துச் சென்றனர். எழுத்தறியாத உழவன் விட்டுச் சென்றது, காகிதத்தின் ஓரத்தில் தன் விரலின் அளவையும், பிற்காலத்தில் முத்திரையின் மீது பாதி படிந்த தன் பெயரையும் மட்டுமே. அவற்றையேனும் முழுமையாகக் காத்தல் வேண்டும்.