பனை வைரமும் பெருக்கமரமும்

மன்னார், பள்ளிமுனையிலுள்ள பெருக்கமரத்தைப் பார்க்க வருகிறவர்கள் அதன் சுற்றளவைக் கேட்டு வாய் பிளப்பார்கள்: 19 மீட்டருக்கு மேல். அரபு வணிகர்கள் நட்டது என்பது ஊர்க்கதை. பனை அரிந்து பிழைத்த என் அப்பப்பா மட்டும் அதை ஒரு மரமாகவே மதித்ததில்லை. "உது தண்ணிப் பொதி. ஒரு கைமரம் எடுக்கேலுமே?" என்பார். அந்த மரம் இத்தனை காலம் கோடரிக்குத் தப்பியதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

மரத்துக்கு விறைப்பைக் கொடுப்பது லிக்னின். செலுலோசு நார்கள் கம்பி என்றால், அவற்றைச் சூழ்ந்து இறுகும் சீமெந்து அது. பெருக்கமரத்தின் அடியில் பெரும்பகுதி நீர் தேக்கும் மென்கலங்கள். அவற்றில் லிக்னின் குறைவு. பனை நேர்மாறு. அதன் நார்க்கட்டுகள் வெளிப்புறத்தில் நெருங்கியிருக்கும். வயது ஏற ஏற அவற்றின் சுவர்களில் லிக்னின் படிந்துகொண்டே போகும். நாங்கள் வைரம் என்று சொல்வது அந்த ஓரத்தைத்தான்.

அப்பப்பாவுக்கு இரசாயனம் தெரியாது. கோடரிப் புறத்தால் அடிமரத்தைத் தட்டி, ஓசையைக் கேட்டு, "இன்னும் முத்தேல்லை" என்று விட்டுவிடுவார். முற்றிய மரமென்றால் நெடுக ஆப்பு வைத்துப் பிளந்து, உள்ளே இருக்கும் சோற்றை வாய்ச்சியால் கொத்திக் கழிப்பார். மிஞ்சுவது கறுப்பு நார் ஓடிய ஓரம். அதன் சிலாம்பு விரலில் ஏறினால் லேசில் வெளியே வராது.

இந்த ஓரத்துக்குப் பெரிய சந்தை இருந்தது. 1560இல் போர்த்துக்கீசர் கட்டத் தொடங்கிய மன்னார்க் கோட்டையை 1658இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். அவர்கள் காலத்தில் பனஞ்சலாகையும் தீராந்தியும் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கும் சோழமண்டலக் கரைக்கும் கப்பலேறின. ஆங்கிலேயர் காலத்தில், 1850இல், வில்லியம் பெர்குசன் பனையைப் பற்றித் தனி நூலே எழுதினார். மட்டையின் அடியிலிருந்து எடுத்த தும்பு தூரிகைக்கும் தெருக்கூட்டும் துடைப்பத்துக்குமாகக் கடல் கடந்தது. பிறகு யுத்தம் வந்தது. காப்பரண் அமைக்க வடக்கில் தறிபட்ட பனைகளுக்குக் கணக்கில்லை. வீட்டுக் கூரையைத் தாங்கிய அதே வைரம் மண்மூட்டைகளையும் தாங்கியது.

காகித ஆலைக்காரருக்கோ லிக்னின் இடைஞ்சல். அது போனால்தான் வெண்மையான நார் கிடைக்கும். நம் நாட்டில் 1950களில் தொடங்கிய வாழைச்சேனைக் காகித ஆலை வைக்கோலை நம்பி ஓடியது. வைக்கோலைக் காரத்தில் அவித்தால் லிக்னின் கரைந்து கருநீராகும். வைக்கோலில் சிலிக்கா அதிகம் என்பதால் அந்தக் கருநீரைச் சுண்டவைத்து எரித்துக் காரத்தை மீட்பது சிரமம். மர ஆலைகளில் அந்தச் சிரமம் இல்லை. அங்கே கருநீர் கொதிகலனுக்கு எரிபொருள். உலக ஆலைகளில் ஆண்டுக்குச் சுமார் 5 கோடி டன் லிக்னின் வெளிவருவதாகச் சொல்வார்கள். பெரும்பகுதி நெருப்புக்கே போகிறது.

எரியாமல் தப்பும் சிறு பங்குதான் சுவையானது. சல்பைட் முறை ஆலைக் கழிவிலுள்ள லிக்னினைக் காரத்தில் ஒட்சியேற்றினால் வனிலின் கிடைக்கும். 1930களில் அமெரிக்காவில் இது வணிகமானது. நோர்வேயில் இன்றும் நடக்கிறது. ஐஸ்கிறீம் வாசத்துக்கு மரம் காரணமாகலாம் என்று உயர்தர வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். வனிலினின் வளையத்தில் தொங்கும் மெதொக்சித் தொகுதியைக் காட்டி, லிக்னினிலும் அதே துண்டு இருப்பதை வரைந்த பிறகே ஒத்துக்கொள்வார்கள்.

அதே கழிவிலிருந்து வரும் இன்னொரு பொருள் லிக்னோசல்பனேற்று. சீமெந்துத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாமல் அது விலக்கி வைக்கும். அதனால் தண்ணீரைக் குறைத்தும் கொங்கிறீற்றைக் குழைக்கலாம். தண்ணீர் குறைந்தால் பலம் கூடும்.

மன்னாரில் இப்போது எழும் வீடுகளுக்குப் பனங்கைமரம் தேவையில்லை, தட்டுக்கூரைதான். ஒரு பனை வைரம் பிடிக்க இரண்டு தலைமுறை வேண்டும், தறிக்க அனுமதியும் வேண்டும். ஆகவே அப்பப்பாவின் தொழில் திரும்பாது. திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவுமில்லை. நிற்கிற பனை நிற்கட்டும். லிக்னின் வேண்டுமென்றால் அடுப்புக்குப் போகிற அந்தக் கருநீரில் தேடலாம்.