ஆறாகப் பிறந்து நாவில் நிலைத்தவள்



நவராத்திரிக் காலத்தில் நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் கலைமகள் வழிபாடு நடைபெறுவதுண்டு. பாடநூல்களும் எழுதுகோல்களும் படத்தின் முன் அடுக்கப்பட்டிருக்க, மாணவர்கள் கைகூப்பி நிற்பர். அத்தகைய ஒரு நாளில் ஐந்தாம் ஆண்டு மாணவர் ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, சரசுவதி என்பது ஓர் ஆற்றின் பெயர் என்று அப்பா சொன்னார். அந்த ஆறு இப்பொழுது எங்கே இருக்கிறது?" என்று வினவினார். ஒரு சொல்லில் விடை கூற இயலாத வினா அது. அன்று அரைகுறையாக விடையளித்தேன். அந்தக் குறையை நிறைவு செய்யும் முயற்சியே இக்கட்டுரை.

வேதம் கண்ட ஆறு

வேதங்களுள் மிகப் பழையது இருக்கு வேதம். அது ஏறத்தாழ கி.மு. 1500-க்கும் 1000-க்கும் இடையே இயற்றப்பட்டது என்பது அறிஞர் பலரின் கருத்து. பத்து மண்டலங்கள் கொண்ட அந்நூலின் ஆறாம், ஏழாம் மண்டலங்களில் சரசுவதியைப் போற்றும் தனிப் பாடல்கள் உள்ளன. மலைமுகடுகளைத் தன் அலைகளால் தகர்த்து வரும் பேராறாக அவள் அங்குக் காட்சியளிக்கிறாள். பத்தாம் மண்டலத்திலுள்ள ஆறுகளின் வாழ்த்து, கிழக்கிலிருந்து மேற்காகக் கங்கை, யமுனை, சரசுவதி, சுதுத்திரி என வரிசைப்படுத்துகிறது. சுதுத்திரி என்பது இன்றைய சட்லெஜ் ஆகும். ஆகவே, யமுனைக்கும் சட்லெஜுக்கும் இடைப்பட்ட நிலத்தில் ஓடிய ஆற்றையே அப்புலவர் கருதினார் என்பது தெளிவு.

'சரஸ்' என்பது நீர்நிலையைக் குறிக்கும் வடசொல். சரசுவதி என்றால் நீர்நிலைகளை உடையவள் என்று பொருள். ஈரானியரின் மறைநூலாகிய அவெத்தாவில் இதே பெயர் 'ஹரஹ்வைதி' என வழங்குகிறது. சிந்து என்பது ஹிந்து என ஒலி திரிந்ததைப் போன்றதே இதுவும். இன்றைய ஆப்கானித்தானத்தின் கந்தகார்ப் பகுதி அப்பெயரால் அழைக்கப்பட்டது. ஆற்றின் பெயர் மக்களோடு இடம்பெயரும் என்பதற்கு இஃதொரு சான்று.

இருக்கு வேதத்தின் முதல் மண்டலத்திலேயே சரசுவதி நற்சொற்களைத் தூண்டுபவளாகவும் எண்ணங்களுக்கு ஒளி தருபவளாகவும் வேண்டப்படுகிறாள். ஆற்றங்கரையில் வேள்வித்தீ மூட்டப்பட்டது; அத்தீயின் முன் பாடல்கள் ஓதப்பட்டன. எழுத்தில் வடிக்கப்படாமல் வாய்மொழியாகவே காக்கப்பட்டவை அப்பாடல்கள். தடையின்றி ஓடும் நீரும் தடையின்றி ஓதப்படும் சொல்லும் அவர்கள் உள்ளத்தில் ஒன்றாயின எனலாம். பின்னர்த் தோன்றிய பிராமண நூல்கள், வாக்கும் சரசுவதியும் ஒன்றே என வெளிப்படையாகவே கூறிவிட்டன.

மறைந்த ஆறு

அதே பிராமண நூல்களின் காலத்தில் ஆறு வற்றத் தொடங்கியிருந்தது. பஞ்சவிம்ச பிராமணம் 'விநசனம்' என்னும் இடத்தைக் குறிப்பிடுகிறது. மறைவு என்பது அச்சொல்லின் பொருள். சரசுவதி மணலுள் மறையும் இடம் அதுவே. அங்கிருந்து ஆற்றின் ஊற்றுக்கண்வரை குதிரையில் செல்ல 44 நாள் ஆகும் என்றும், விண்ணுலகமும் அதே தொலைவில் உள்ளது என்றும் அந்நூல் கூறுகிறது. நீர் குறையக் குறைய ஆற்றின் புனிதம் பெருகிற்று. வறண்ட கரை வழியே மேல்நோக்கி நடப்பதே விண்ணுலகுக்கு ஏறும் வழியாக மதிக்கப்பட்டது. மகாபாரதத்தில் பலராமர் மேற்கொள்ளும் தீர்த்தப் பயணமும் இக்கரையை ஒட்டியதே.

இன்று அவ்வாறு எது? இமயத்தின் அடிவாரமாகிய சிவாலிக் குன்றுகளில் தோன்றி, அரியானா, இராசத்தான் வழியே சென்று, பாகித்தானில் ஹக்ரா எனப் பெயர் பெறும் கக்கர் ஆறே அது என்பது பெரும்பான்மை ஆய்வாளர் கருத்து. மழைக்காலத்தில் மட்டுமே நீர் காணும் ஆறு அது. சிந்துவெளி நாகரிகக் காலத்து ஊராகிய காளிபங்கன் அதன் கரையில் உள்ளது. பனிமலை நீர் எப்பொழுதுவரை அதில் பாய்ந்தது என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. சட்லெஜ் ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன்பே அத்தடத்தைவிட்டு விலகிவிட்டது என 2017-இல் வெளிவந்த ஆய்வு கூறியது. 4,500 ஆண்டுகளுக்கு முன்புவரையிலும் அது வற்றாத ஆறாகவே ஓடியது என 2019-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு கூறியது. இரண்டில் ஒன்றை மட்டும் மாணவரிடம் முடிந்த முடிபாகச் சொல்வது முறையன்று.

பிரயாகையில் கங்கையோடும் யமுனையோடும் மூன்றாவதாகச் சரசுவதி கண்ணுக்குத் தெரியாமல் கலக்கிறாள் என்பது நம்பிக்கை. கக்கர் ஆறோ தென்மேற்கே பாலைநிலம் நோக்கிச் செல்வது. பிரயாகையோ கிழக்கே நெடுந்தொலைவில் உள்ளது. நிலவரைபடத்தில் அவ்விரண்டையும் இணைக்க முயல்வது வீண். பிரயாகைச் சரசுவதி நிலத்தின் ஆறல்லள், நினைவின் ஆறு.

கடல் கடந்தவள்

மதுராவில் கண்டெடுக்கப்பட்ட சமணச் சிற்பம் ஒன்று இலக்னோ அருங்காட்சியகத்தில் உள்ளது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் அச்சிற்பத்தில், தலை சிதைந்த நிலையிலும் சரசுவதியின் கையில் சுவடி இருக்கிறது. பௌத்த நூல்கள் அவளைச் சீனம் வழியே சப்பானுக்குக் கொண்டு சென்றன. அங்கே அவள் பெயர் பென்சைதென். எனோசிமா தீவு, பீவா ஏரியின் நடுவிலுள்ள சிக்குபு தீவு என நீர் சூழ்ந்த இடங்களிலேயே அவளுக்குக் கோயில்கள் அமைந்தன. ஆறாக இருந்த நினைவு அங்கு அழியவில்லை.

தமிழர் அவளுக்கு நாமகள் எனப் பெயரிட்டனர். சீவக சிந்தாமணியின் முதற்பகுதி நாமகள் இலம்பகம் என்றே வழங்குகிறது. நாவில் உறைபவள் என்னும் அப்பெயரில் ஆறு முற்றிலும் மறைந்து, சொல் மட்டுமே எஞ்சி நிற்கிறது. எனினும் நாம் வணங்கும் படத்தை உற்று நோக்குங்கள். வெண்டாமரையும் அன்னமும் நீரில் வாழ்வனவல்லவா?

இருக்கு வேதத்தின் ஆறாம் மண்டலத்துச் சரசுவதிப் பாடல் முடியுமிடத்தில் உள்ள வேண்டுதல் என் நெஞ்சைத் தொட்டது. உன்னை விட்டு அயல்நிலம் செல்லும் நிலை எங்களுக்கு வாராதிருக்கட்டும் என அப்புலவர் ஆற்றிடம் இறைஞ்சுகிறார். அவருடைய வழித்தோன்றல்கள் கிழக்கே சென்றனர். ஆறும் மணலுள் மறைந்தது. அவ்வேண்டுதல் மட்டும், ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் செவிக்கு என மூவாயிரம் ஆண்டுகளாக இடையறாது வந்து சேர்ந்திருக்கிறது. காவிரியையும் தாமிரபரணியையும் விட்டுக் கப்பலேறி இம்மண்ணுக்கு வந்த நம் முன்னோர்க்கு இது புரிந்திருக்கும். ஆற்றை அவர்களால் எடுத்து வர இயலவில்லை. மொழியை எடுத்து வந்தனர்.

அம்மாணவர் மீண்டும் வினவினால் இவ்வாறு கூறுவேன்: "தம்பி, நிலத்தில் ஓடிய ஆறு எது என்பதை அறிஞர்கள் இன்னமும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். நீயும் வளர்ந்து அதை ஆராயலாம். மற்றோர் ஆறு இருக்கிறது. உன் பாட்டி உன் தாய்க்கும், உன் தாய் உனக்கும் தந்த சொற்களில் அது ஓடுகிறது. அந்த ஆறு வற்றாமல் காப்பது உன் கையில் இருக்கிறது."

பெற்றோர்களே, அச்சொற்களை வீட்டில் நாள்தோறும் பேசுங்கள். மற்றவற்றைப் பள்ளியில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.