ஐயத்திலிருந்து பிறந்த சான்று

மறைமொழியின் வரலாற்றை அறிய விழைவோர் முதலில் பக்தாதுக்கே செல்ல வேண்டும். ஒன்பதாம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த பேரறிஞர் அல்கிந்தி, எந்த எழுத்து எத்தனை முறை பயில்கிறது என எண்ணிப் பார்த்தே இரகசிய எழுத்தை உடைக்கலாம் என நூல் எழுதிக் காட்டினார். ஒழுங்கு உள்ள இடத்தில் இரகசியம் கசியும் என்பதே அதன் பாடம். ஆகவே, இரகசியத்தைக் காக்கும் திறவுகோல் எவரும் முன்னறிய இயலாத தற்செயல் எண்களால் ஆனதாக இருத்தல் வேண்டும். இன்று நம் வங்கிக் கணக்குகளும் அத்தகைய எண்களின் காவலிலேயே உள்ளன.

ஆனால், அவ்வெண்களை ஆக்கித் தரும் கருவியை நம்புவது எங்ஙனம்? முன்பே எழுதி வைத்த பட்டியலை அது ஒப்புவித்தாலும், நம் கண்ணுக்குத் தற்செயலாகவே தோன்றுமன்றோ! இது வீண் அச்சமன்று. அமெரிக்கத் தர நிறுவனம் 2006இல் பரிந்துரைத்த எண்ணாக்க முறைகளுள் ஒன்றில், வகுத்தவர் மட்டுமே அறிந்த கள்ளவாசல் இருக்கக்கூடும் என 2007இல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். 2013இல் வெளிப்பட்ட அரசு இரகசிய ஆவணங்கள் அவ்வையத்தை வலுப்படுத்தின. 2014இல் அம்முறை கைவிடப்பட்டது.

இந்நோய்க்கு மருந்து இயற்பியலிலிருந்து வந்தது. நுண்துகள்கள் தரும் விடைகள் முன்பே தீர்மானிக்கப்பட்டவையா என்ற கேள்வியை, ஐன்ஸ்டைனும் அவருடைய தோழர் இருவரும் 1935இல் எழுதிய கட்டுரை கிளப்பிவிட்டது. அதனைச் சோதித்தறியும் வழியை 1964இல் கண்டவர், பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்த ஜான் பெல்.

அவ்வழியை ஒரு விசாரணையாக நாம் எண்ணிப் பார்க்கலாம். இரு சாட்சிகளைத் தனித்தனி அறைகளில் நிறுத்துகிறோம். ஒவ்வொருவரிடமும் இரு கேள்விகளுள் ஒன்றைக் கேட்கிறோம். விடை ஆம் அல்லது இல்லை. இருவரிடமும் இரண்டாம் கேள்வியே கேட்கப்பட்டால் விடைகள் மாறுபட வேண்டும். ஏனைய வேளைகளில் ஒத்திருக்க வேண்டும். விடைகளை முன்பே பேசி வைத்துக்கொண்டு வந்தவர்கள் நூற்றுக்கு 75 தடவைக்கு மேல் வெல்ல இயலாது. பிணைப்புற்ற குவாண்டம் துகள்களோ ஏறத்தாழ 85 வரை வெல்லும். பன்முறை கேட்டும் 75ஐத் தாண்டி நிற்கும் விடைகள் எழுதி வைத்தவையாக இருக்க முடியாது. கருவியைச் செய்தவர் பகைவரே ஆயினும் இம்முடிவு மாறாது.

துகள்கள் உண்மையாகவே இவ்வாறு நடப்பதை ஜான் கிளவுசர் 1972இலும், அலெய்ன் ஆஸ்பெக்ட் 1982இலும் சோதனையால் காட்டினர். ஆன்டன் சைலிங்கருடன் அவ்விருவருக்கும் 2022இல் நோபல் பரிசு கிடைத்தது. இதையே எண்களுக்கு நற்சான்றாக்கலாம் என ரோஜர் கோல்பெக் 2006இல் தம் கேம்பிரிட்ஜ் ஆய்வேட்டில் முன்மொழிந்தார். 2010இல் மேரிலாந்தில், ஏறத்தாழ ஒரு மீட்டர் இடைவெளியில் வைத்த இரு இட்டர்பியம் அணுக்களிலிருந்து 42 இலக்கங்கள் சான்றுடன் பெறப்பட்டன. 2018இல் கிடைத்தவை 1,024. அவற்றை ஆக்கியது, முன்பு ஐயத்துக்குள்ளான முறையைப் பரிந்துரைத்த அதே அமெரிக்கத் தர நிறுவனம்! 2025இல் கொலராடோ பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து, இத்தகைய எண்களைப் பொதுமக்கள் அனைவருக்கும் வழங்கும் பணியையும் அது தொடங்கியது.

இதற்கும் நிபந்தனைகள் உண்டு. இரு அறைகளுக்கிடையே செய்தி செல்லலாகாது. கேட்கப்போகும் கேள்வியைக் கருவி முன்கூட்டி அறியலாகாது. அவ்விரண்டையும் நாம் காத்துக்கொண்டால், கருவியில் எவருடைய முத்திரை உள்ளது எனத் தேட வேண்டியதில்லை. அது தந்த விடைகளை எண்ணிப் பார்த்தாலே போதும். எழுத்துகளை எண்ணியே இரகசியத்தை உடைத்தார் அல்கிந்தி; விடைகளை எண்ணியே இரகசியத்துக்குக் காவல் தேடுகிறது இன்றைய அறிவியல்.