மெழுகு உருளை முதல் எண் பதிவு வரை

கோவளம் கடற்கரையில் ஒரு முதிய மீனவர் காற்றுகளின் பெயர்களைச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குரலை எப்படிக் காப்பது?

1877-இல் எடிசன் வெள்ளீயத் தகட்டில் குரலைப் பள்ளங்களாகப் பதித்தார். பின்வந்த மெழுகு உருளையில் சுமார் 2 நிமிடப் பேச்சே அடங்கிற்று. 1898-இல் டென்மார்க்கின் பவுல்சன் எஃகுக் கம்பியில் ஒலியைக் காந்தமாகப் பதித்தார்.

இன்றைய கையடக்கக் கருவி ஒலியை எண்களாக்குகிறது. நொடிக்கு 8,000 முறை அளந்தால் 4,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஒலி தங்காது. 'ஸ', 'ஷ' மங்கிவிடும். 44,100 முறை அளந்தால் செவிக்கு எட்டுவதெல்லாம் தங்கும். எனவே சுருக்காத பதிவைத் தேர்ந்தெடுங்கள். கடற்காற்று மோதாதபடி ஒலிவாங்கிக்குப் பஞ்சுறை மாட்டுங்கள். இரண்டு பிரதிகள் எடுங்கள். கருவியை மறுபடி வாங்கலாம். மறைந்தவரின் பேச்சை மறுபடி பதிக்க இயலாது அல்லவா?