ஈகிள்ஸ்: விட்ட பாட்டும் தொட்ட பாட்டும்

அமெரிக்காவில் அதிகம் விற்ற ஆல்பம் எது என்று கேட்டால் பலரும் யோசிக்காமல் மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' என்பார்கள். 2018 ஆகஸ்டில் அந்த இடம் கைமாறிவிட்டது. அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ., ஈகிள்ஸ் குழுவின் 'தெயர் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் 1971–1975' தொகுப்புக்கு 38 பிளாட்டினம் கொடுத்தது. 3 கோடியே 80 லட்சம் என்று கணக்கு. ஆசையாக வாங்கியவர் உறையைத் திருப்பிப் பார்த்தால் திகைத்துப்போவார். 'ஹோட்டல் கலிபோர்னியா' அதில் இல்லை. இருக்கவும் வழியில்லை. தொகுப்பு வந்தது 1976 பிப்ரவரியில். 'ஹோட்டல் கலிபோர்னியா' வந்தது அதே ஆண்டு டிசம்பரில்.

குழு தொடங்கி ஐந்தே வருஷம், நான்கே ஆல்பம். அதற்குள் என்ன அவசரம்?

இதற்கு விடை தேட நிறுவனங்களின் கணக்குப் புத்தகத்தைத்தான் புரட்ட வேண்டும். புது ஆல்பம் என்றால் ஸ்டுடியோ வாடகை, தயாரிப்பாளர் சம்பளம், மாதக்கணக்கில் காத்திருப்பு, கடைசியில் போணியாகுமா என்ற பயம். பழைய பாட்டுகளைத் திரட்டி விற்பதில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. பதிவு செய்த நாடா அலமாரியில் தயாராக இருக்கிறது. பாட்டு எடுபடும் என்பதும் முன்பே தெரியும். 1958இல் கொலம்பியா நிறுவனம் ஜானி மேதிஸின் சிங்கிள்களைச் சேர்த்து 'ஜானிஸ் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்று வெளியிட்டது. பில்போர்டு பட்டியலில் அது 490 வாரம் இருந்தது. அதைப் பார்த்த பிறகு மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டா இருப்பார்கள்?

ராக் குழுக்கள் ஆல்பத்தை ஒரு முழுப் படைப்பாக நினைக்கத் தொடங்கியதும் உரசல் ஆரம்பித்தது. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில் கலையைவிடச் சூழ்நிலைக்கே பல சமயம் கை ஓங்கியது. பீட்டில்ஸ் பிரிந்த பிறகு அமெரிக்காவில் 'ஆல்ஃபா ஒமேகா' என்ற திருட்டுத் தொகுப்பு டி.வி.யில் விளம்பரம் செய்தே விற்பனையானது. அதற்குப் பதிலடியாக 1973இல் சிவப்பு உறையிலும் நீல உறையிலும் இரண்டு அதிகாரபூர்வத் தொகுப்புகள் வந்தன. சிவப்பில் இருந்த 26 பாட்டும் லெனன், மெக்கார்ட்னி எழுதியவை. ஜார்ஜ் ஹாரிசன் எழுதிய பாட்டு ஒன்றுகூட இல்லை. அடுத்தவர் எழுதி இவர்கள் பாடிப் பிரபலமாக்கிய 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்'டுக்கும் இடம் கிடைக்கவில்லை. 2023இல் வந்த விரிவான பதிப்பில்தான் அந்தக் குறை தீர்ந்தது.

பிங்க் ஃப்ளாய்டின் கதை இன்னும் வேடிக்கை. அவர்களுடைய 1981 தொகுப்பின் பெயர் 'எ கலெக்‌ஷன் ஆஃப் கிரேட் டான்ஸ் சாங்ஸ்'. அந்தப் பாட்டுகளுக்கு ஆடுவதென்றால் தனித் திறமை வேண்டும்; பெயரே நக்கல்தான். 'மணி' பாட்டின் உரிமையைத் தொகுப்பை வெளியிட்ட கொலம்பியாவுக்குத் தர கேப்பிட்டல் நிறுவனம் மறுத்துவிட்டதால், டேவிட் கில்மோர் கிட்டத்தட்ட எல்லா வாத்தியத்தையும் தானே வாசித்து அதை மறுபடி பதிவு செய்தார். சாக்ஸபோனுக்கு மட்டும் முதல் பதிவில் வாசித்த டிக் பாரியே வந்தார்.

ஈகிள்ஸுக்கு வருவோம். 1975 கடைசியில் கிதாரும் பாஞ்சோவும் வாசித்த பெர்னி லெடன் விலகினார். ஜோ வால்ஷ் வந்தார். அடுத்த ஆல்பத்தின் பதிவு 1976 மார்ச்சில் தொடங்கி அக்டோபர்வரை இழுத்தது. அவர்களுடைய இசைத்தட்டுகளை வெளியிட்ட அசைலம் நிறுவனம் அதுவரை கடையைக் காலியாக வைத்திருக்கத் தயாராக இல்லை. குழுவின் பாடகர்களில் ஒருவரான டான் ஹென்லிக்கு இந்தத் தொகுப்பு பிடிக்கவில்லை. 1973இல் வந்த 'டெஸ்பராடோ' ஆல்பம் பழைய மேற்கு அமெரிக்காவின் கொள்ளைக்கூட்டத்தைச் சுற்றிப் பின்னப்பட்ட கதை. அதிலிருந்து இரண்டு பாட்டை மட்டும் பிடுங்கி எடுத்தால் கதை எங்கே நிற்கும் என்ற அவரது ஆதங்கத்தில் நியாயம் உண்டு.

ஆனால் பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், தேர்ந்தெடுத்தவர் எண்களை மட்டும் நம்பவில்லை என்பது தெரியும். 'டெஸ்பராடோ' ஆல்பத்திலிருந்து வந்த சிங்கிள்களில் 'அவுட்லா மேன்' பில்போர்டு பட்டியலில் 59ஆம் இடம்வரை ஏறியது. 'டகீலா சன்ரைஸ்' 64ஐத் தாண்டவில்லை. விற்பனைதான் அளவுகோல் என்றால் முதலாவது உள்ளே வந்திருக்க வேண்டும். வந்தது இரண்டாவது. கூடவே, சிங்கிளாகவே வெளிவராத 'டெஸ்பராடோ' பாட்டும் வந்தது. 'ஹிட்ஸ்' என்ற பெயரில் ஹிட்டே ஆகாத ஒன்று! இன்று அந்தப் பாட்டு இல்லாமல் இந்தக் குழுவை நினைக்க முடியுமா?

வரிசையும் கால வரிசை இல்லை. எல்பியின் முதல் பக்கம் பியானோவும் தந்திக் கருவிகளும் சூழ்ந்த 'டெஸ்பராடோ'வில் முடிகிறது. தட்டைத் திருப்பிப் போட்டால் ராண்டி மைஸ்னரின் பேஸ் கிதார் 'ஒன் ஆஃப் தீஸ் நைட்ஸ்' என்று நடைபோடத் தொடங்குகிறது. 1973க்கும் 1975க்கும் இடையே குழு எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பது அந்த ஒரு திருப்பத்தில் காதுக்குத் தெரிந்துவிடும். சிங்கிளாக வந்தபோது ரேடியோவுக்காக நறுக்கப்பட்ட 'பெஸ்ட் ஆஃப் மை லவ்', இங்கே முழு நீளத்தில் இருக்கிறது.

இழப்பு வேறிடத்தில். பத்துப் பாட்டில் ஒன்றில்கூட லெடன் முன்னணிக் குரலாக இல்லை. ஹென்லியும் கிளென் ஃப்ரையும் பங்கிட்டுக்கொண்டதுபோக மைஸ்னருக்கு 'டேக் இட் டு தி லிமிட்' மட்டும் மிஞ்சியது. தொகுப்பை மட்டும் கேட்டவருக்கு, இந்தக் குழுவில் பாஞ்சோவுக்கும் கிராமிய நாட்டுப்பாடல் மரபுக்கும் இருந்த இடம் பாதிதான் தெரியும். லெடனின் பாஞ்சோ முன்னே நிற்கும் 'ஜர்னி ஆஃப் தி சோர்சரர்' இதில் இல்லை. அதையே 1978இல் பி.பி.சி. வானொலி 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைட் டு தி கேலக்ஸி' நாடகத்தின் முகப்பு இசையாக எடுத்துக்கொண்டது.

10 லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினம் சான்றிதழை ஆர்.ஐ.ஏ.ஏ. கொண்டுவந்ததே 1976இல்தான். அதை முதலில் வாங்கிய ஆல்பம் ஈகிள்ஸின் இந்தத் தொகுப்புதான். வெளியாகி ஒரே வாரத்தில். கடைக்கு அனுப்பிய பிரதிகளை வைத்துப் போடும் கணக்கு அது. 2006 முதல் 29 பிளாட்டினத்தில் நின்ற எண்ணிக்கை 2018இல் ஒரே தாவலில் 38 ஆனது. அதற்குள் 1,500 முறை ஸ்ட்ரீமிங்கில் கேட்டால் ஓர் ஆல்பம் என்று விதி மாறியிருந்தது. ஆகவே 'த்ரில்லர்' ரசிகர்கள் மனம் உடையத் தேவையில்லை.

1980இல் குழு கலைந்தது. 1982இல் இரண்டாம் தொகுப்பு வந்தது. இம்முறை 'ஹோட்டல் கலிபோர்னியா' முதல் பாட்டு. முதல் தொகுப்பில் இடம் கிடைக்காத 1975ஆம் வருஷத்துப் பாட்டான 'ஆஃப்டர் தி த்ரில் இஸ் கான்' கடைசிப் பாட்டு. லெடன் விட்ட இடத்துக்கு வந்த ஜோ வால்ஷ் முன்னணிக் குரலில் பாடியது இதிலும் ஒன்றுகூட இல்லை.