தங்கூசி ஓடும் பீங்கான் வளையம்

தூண்டில் கம்பைச் சொந்தமாகக் கட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் கம்பைப் பற்றியே கேட்கிறார்கள். எத்தனை அடி, எவ்வளவு வளையும், எவ்வளவு எடை தாங்கும் என்பதெல்லாம் அவர்கள் கேள்வி. கம்பின் மேல் வரிசையாக அமர்ந்திருக்கும் சின்ன வளையங்களைக் கடைசியில்தான் கவனிக்கிறார்கள். மீன் இழுக்கும்போது தங்கூசி என்கிற தூண்டில் நரம்பு உரசிக்கொண்டு ஓடுவது அந்த வளையங்களுக்குள்தான். இன்றைய நல்ல வளையங்களின் உட்புறம் பீங்கான். பீங்கான் ஊரான விருத்தாசலத்தில் நின்று அந்த வளையத்தின் பயணத்தைப் பார்ப்பது பொருத்தமாக இருக்கும்.

நம் குளத்துத் தூண்டிலுக்கு வளையமே கிடையாது. மூங்கில் கழி, அதன் நுனியில் கட்டிய நரம்பு, மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை, முள், மண்புழு: அவ்வளவுதான். கெளுத்திக்கும் கெண்டைக்கும் அது போதும். ஆனால் நரம்பின் நீளம் ஏறத்தாழக் கழியின் நீளத்தோடு முடிந்துவிடும். பெரிய விரால் ஒன்று பாய்ந்தால் விட்டுக்கொடுக்க நரம்பு இருக்காது; கழி முறியும், இல்லையென்றால் நரம்பு அறும். நரம்பைச் சுற்றி வைக்க ரீல் வந்த பிறகே, அதைக் கம்பின் அடியிலிருந்து நுனிவரை ஒழுங்காகக் கொண்டுபோக வளையங்கள் தேவைப்பட்டன.

அந்த வளையங்கள் ஏறிய கம்புகளில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, முக்கோணச் சிம்புகளாகச் சீவி, ஆறு சிம்புகளை ஒட்டி ஒரே கம்பாக்கும் கலை வளர்ந்தது. 1870களில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஹிராம் லெனார்ட் இந்த வேலையில் பெயர் பெற்றார். அந்தக் கைவினைஞர்கள் ஆரம்ப காலத்தில் நம்பியிருந்தது இந்தியாவிலிருந்து கப்பலேறிய மூங்கிலை. ‘கல்கத்தா மூங்கில்’ என்று அவர்கள் அழைத்தது நாம் கல் மூங்கில் என்று சொல்லும் கெட்டி இனம். பல கழிகளில் தீச்சுட்ட கறை இருக்கும். அந்தப் பகுதியைத் தவிர்த்துவிட்டு நல்ல சிம்பைத் தேர்ந்தெடுப்பார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்சீனத்து டோன்கின் மூங்கில் அந்த இடத்தைப் பிடித்தது. 1947-ல் கண்ணாடியிழைக் கம்பும், 1970களில் கார்பன் இழைக் கம்பும் சந்தைக்கு வந்தன.

லெனார்ட் பெயர் பெற்ற அதே காலத்தில் நம் நாட்டிலும் தூண்டிலைப் பற்றி ஆழமாக எழுதப்பட்டது. மதராஸ் சிவில் சர்வீஸைச் சேர்ந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்திய ஆறுகளில் தூண்டில் போடுவதைப் பற்றி 1873-ல் ‘தி ராட் இன் இந்தியா’ என்ற நூலை வெளியிட்டார். நம் ஏரி குளங்களின் தூண்டிலுக்கென்றே 1887-ல் ‘டேங்க் ஆங்லிங் இன் இந்தியா’ என்ற நூலையும் எழுதினார்.

கம்பு மாறிக்கொண்டே வந்தபோது வளையத்துக்கு ஒரு பெரிய தொல்லை இருந்தது. கிணற்றுக் கல்லில் கயிறு தடம் போடுவதைப் போல, ஓடும் நரம்பு உலோக வளையத்தை அறுத்துப் பள்ளமாக்கிவிடும். நரம்பு மென்மையானதுதான், ஆனால் ஈரத்தோடு ஒட்டிவரும் நுண்மணல் அரம் போல வேலை செய்யும். பள்ளம் விழுந்த வளையம் பிறகு நரம்பையே அறுக்கத் தொடங்கும். பித்தளை சீக்கிரம் தேய்ந்தது, எஃகு கொஞ்சம் தாங்கியது. அகேட் கல்லைக் குடைந்து உள்ளே பதித்தார்கள். அது வழவழப்பாக இருந்தது, ஆனால் கீழே விழுந்தால் விரிசல் விட்டது. கடைசியில் ஜப்பானின் ஃபியூஜி நிறுவனம் அலுமினா பீங்கானிலும், பிறகு சிலிக்கான் கார்பைடிலும் வளையம் செய்து உலகெங்கும் பரப்பியது. மோஸ் கடினத்தன்மை அளவில் பித்தளை 3 அளவில் நிற்கிறது, குவார்ட்ஸ் மணல் 7, அலுமினா 9. மணல் அலுமினாவைக் கீற முடியாது. சண்டை அங்கே முடிந்தது.

நூலோட்டம் இருக்கும் எந்த இடத்திலும் இதே தத்துவம்தான். நூற்பாலைகளிலும் நெசவாலைகளிலும் நூலை வழிநடத்தும் பீங்கான் கொக்கிகளும் துளைகளும் உண்டு. ஆகவே தூண்டில் வளையம் தமிழ்நாட்டுத் தொழிலுக்கு அந்நியமான பொருள் இல்லை.

இங்கேதான் விருத்தாசலம் வருகிறது. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது அதன் மேலே கிடக்கும் மண்ணடுக்குகளில் வெண்களிமண் கிடைக்கிறது. களிமண்ணோடு குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் கலந்து அரைத்து, அச்சில் அழுத்தியோ வார்த்தோ உருக்கொடுத்து, உலர்த்தி, மெருகுநீர் பூசி, சூளையில் ஏறத்தாழ 1,250 முதல் 1,300 டிகிரி செல்சியஸ்வரை சுட்டால் கெட்டிப் பீங்கான். இன்சுலேட்டர், ஃபியூஸ் கட்டை, பொம்மை, அகல் என்று இந்த ஊரின் சூளைகளிலிருந்து எத்தனையோ வெளியே போயிருக்கின்றன. பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு நடத்தும் அரசுக் கல்வி நிலையமும் இங்கே இருக்கிறது. சுடும்போது மண் எவ்வளவு சுருங்கும் என்று கணக்கிட்டு அச்சைப் பெரிதாக வெட்டும் பழக்கம் இந்த ஊர்க் கைகளுக்குப் புதிதல்ல. வளையம் செய்ய முதலில் தேவைப்படும் திறமை அதுதான்.

ஆனால் ஒரு வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. தூய அலுமினா வளையத்துக்கு 1,600 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். மின் பீங்கான் சுடும் சாதாரணச் சூளை அதற்குப் போதாது. சுட்ட பிறகு வைரத்தூள் கொண்டு மெருகேற்றவும் வேண்டும். இதற்கான அறிவு தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. சேர்வராயன், கொல்லி மலைகளின் பாக்சைட்டிலிருந்து மேட்டூரில் மால்கோ ஆலை பல ஆண்டுகள் அலுமினா பிரித்தெடுத்தது. ஓசூரில் கார்பரண்டம் யுனிவர்சல் தேய்மானம் தாங்கும் அலுமினா பீங்கான்களைச் செய்கிறது.

இனி, இந்த வளையம் கம்பில் ஏறும் கடைசிக் கட்டம். புதிதாகத் தொடங்குகிறவர் ஆறு, ஏழு அடி நீளமுள்ள கண்ணாடியிழை வெறுங்கம்பு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மூங்கிலே வேண்டும் என்றால் மூன்று வயதுக்கு மேற்பட்ட கல் மூங்கிலைத் தேர்ந்து, நிழலில் நிற்கவைத்துப் பல வாரம் உலர்த்தி, கோணலைத் தணலில் காட்டி நிமிர்த்த வேண்டும்.

முதல் வேலை கம்பின் முதுகைக் கண்டுபிடிப்பது. அடியைத் தரையில் ஊன்றி, நுனியை ஒரு கையில் தாங்கி, நடுவை மெதுவாக அழுத்தி உருட்டினால், கம்பு ஒரு பக்கமாகத் தானே திரும்பி நிலைகொள்ளும். அந்தக் கோட்டைப் பென்சிலால் குறித்துக்கொண்டு வளையங்களை அதை ஒட்டியே ஒரே வரிசையில் வைத்தால், எடை ஏறும்போது கம்பு கையில் முறுக்காது.

அடுத்தது இடைவெளி. ரீலுக்கு அருகில் பெரிய வளையம், நுனிக்குப் போகப் போகச் சின்னது. இடைவெளியும் நுனியை நோக்கிக் குறைந்துகொண்டே போக வேண்டும். எண்ணிக்கைக்கு ஒரு நல்ல தொடக்கக் கணக்கு: கம்பு எத்தனை அடியோ அத்தனை வளையம், நுனி வளையம் தனி. முதலில் வெறும் டேப்பால் ஒட்டி, நரம்பைக் கோத்து, முனையில் எடை கட்டிக் கம்பை வளைத்துப் பாருங்கள். நரம்பு கம்பின் வளைவைப் பின்பற்றிச் செல்ல வேண்டும். எங்கே கூர்கோணமாக மடிகிறதோ, அங்கே வளையத்தை நகர்த்துங்கள். இந்தச் சோதனைக்கு ஒரு மாலையைச் செலவிடுவது வீணல்ல. கம்பின் ஆயுள் அதில்தான் இருக்கிறது.

பிறகு கட்டு. வளையத்தின் கால் நுனியை அரத்தால் மெல்லிதாக்கினால் நூல் படிப்படியாக ஏறும், திடீரென்று தவறாது. நைலான் நூலைக் கம்பின் மீதிருந்து தொடங்கி, இழைக்கு இழை இடைவெளியின்றிக் காலை நோக்கிச் சுற்ற வேண்டும். கடைசிச் சில சுற்றுகளுக்கு அடியில் தனி நூல் மடிப்பு ஒன்றை வைத்து, நூல்முனையை அதில் கோத்து இழுத்தால் முடிச்சே தெரியாமல் உள்ளே பூட்டிக்கொள்ளும். மேலே எப்பாக்ஸி பூசியதும் கம்பை நிறுத்தி வைக்காமல் மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும்; இல்லையென்றால் பூச்சு ஒரு பக்கமாக வழிந்து கட்டியாகும். நுனி வளையத்தை மட்டும் சூட்டில் இளகும் பசையால் ஒட்டுங்கள். எதிர்காலத்தில் மாற்ற வேண்டிவரும் வளையம் அதுதான்.

வாங்கிய வளையமானாலும் பழைய வளையமானாலும் ஒரு துண்டுப் பஞ்சை உள்ளே இழுத்துப் பாருங்கள். பஞ்சின் இழை எங்காவது சிக்கினால் அங்கே விரிசல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த விரிசல் அடுத்த மீனோடு நரம்பையும் கொண்டுபோய்விடும்.

தூண்டில் கம்பைக் கையால் கட்டும் பழக்கம் உலகெங்கும் வளர்ந்திருக்கிறது. அதற்கு மூங்கில் தந்த நாடு நம்முடையது. பீங்கான் வளையமோ நம் ஊர்க் கடைகளுக்கு ஜப்பானிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்துகொண்டிருக்கிறது. சின்னப் பொருளுக்குச் சின்ன அச்சு போதும். வேண்டியது உயர்சூட்டுச் சூளை ஒன்றும், பொறுமையாக மெருகேற்றும் கைகளும். விருத்தாசலத்தின் பீங்கான் தொழில்முனைவோரும் அரசுக் கல்வி நிலையத்தின் மாணவர்களும் இதைத் தங்கள் அடுத்த சோதனைப் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டும். தூண்டில் பிடிக்கும் வாசகர்களோ அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆறடிக் கம்பு ஒன்று, ஆறு வளையம், ஒரு நுனி வளையம், ஒரு நூல்கண்டு, ஒரு சின்ன டப்பா எப்பாக்ஸி வாங்கி, உங்கள் முதல் கம்பைக் கட்டத் தொடங்குங்கள்.